நாய் சாப்பிடவில்லையா? தட்டை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள்

நாய் ஒரு வேளை சோற்றைத் தொடவில்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் சோற்றில் கொஞ்சம் பால் ஊற்றுவோம். அதையும் முகர்ந்துவிட்டுப் போனால் ஒரு முட்டை. அதற்கும் அசையவில்லை என்றால் கடைக்கு ஓடி பிஸ்கட். ராத்திரிக்குள் நாலு விதமான சாப்பாடு தட்டில் வந்துபோயிருக்கும். ஆனால் நாயின் உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள். நாய் இல்லாமல் எங்கள் வீடு இருந்ததில்லை. இப்போது இருப்பவை இரண்டு. ஒன்று செவலை என்கிற நாட்டு நாய், இன்னொன்று டாலி, வயதான லாப்ரடார். துணி கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் நாய் உண்டு. “யக்கா, நேத்துல இருந்து வாயே வைக்க மாட்டேங்கு” என்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்ன நோய், என்ன மருந்து என்பதெல்லாம் டாக்டர் பாடு. வீட்டில் என்ன பார்க்க வேண்டும், எப்போது ஆட்டோ பிடிக்க வேண்டும், அதுவரை எதைச் செய்யவே கூடாது, இவ்வளவுதான் என் பாடு.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

நன்றாக வளர்ந்த, வேறு எந்தக் குறையும் இல்லாத நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வருகிறது, வழக்கம்போல மூத்திரம் போகிறது என்றால் 24 மணி நேரம் கவனித்துக்கொண்டு இருக்கலாம். அதைத் தாண்டியும் தட்டுப் பக்கம் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். “நாளைக்குச் சரியாகிவிடும்” என்று மூன்றாவது நாளும் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

குட்டிகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. மூன்று நான்கு மாதத்துக்குள் இருக்கும் குட்டி இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தாலே கிளம்பிவிடுங்கள். சின்ன உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பொமரேனியன் மாதிரிச் சின்ன ஜாதிக் குட்டி என்றால் இன்னும் சீக்கிரம். குட்டி துவண்டு, உடம்பு நடுங்கி, நிற்க முடியாமல் தள்ளாடினால் கொஞ்சம் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய்க்குள் ஊற்றக் கூடாது, தடவினால் போதும். வயதான நாய், சினை நாய், பால் கொடுக்கும் நாய், சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் நாய் இவற்றுக்கும் 24 மணி நேரம் என்பது அதிகம். ஊசி போடும் நாய் சாப்பிடாமல் இருந்தால் அந்த வேளை இன்சுலினைப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்காமல் சிரிஞ்சைத் தொடாதீர்கள்.

எப்படிச் சாப்பிடாமல் இருக்கிறது?

சாப்பிடாமல் இருப்பதிலேயே மூன்று விதம் உண்டு. தட்டை வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்தால் புரிந்துவிடும்.

முதல் விதம்: நாய் ஆசையாக ஓடிவரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். அல்லது ஒரு பக்கமாகவே மெல்லும், தலையைச் சாய்த்துக்கொள்ளும். இதற்குப் பசி இருக்கிறது, வாயில்தான் கோளாறு. ஆடும் பல், உடைந்த பல், ஈறில் சீழ், நாக்கில் புண், மேல்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட எலும்புத் துண்டு என்று ஏதாவது இருக்கும். வாய் வழக்கத்தைவிட அதிகமாக நாறும். எலும்பு மாட்டியிருக்கிறதோ என்று தோன்றினாலும் உடனே கையை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது விதம்: தட்டு வரை வரும், முகரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சில் வடியும், சில நாய் முற்றத்துக்குப் போய்ப் புல்லைக் கடிக்கும். இது குமட்டல். வயிற்றிலோ கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ தொந்தரவு இருக்கலாம், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையாகவும் இருக்கலாம். குமட்டுகிற நாய்க்கு முன்னால் விதவிதமாகச் சமைத்துவைத்தால் அந்த வாசனையே அதற்கு வேண்டாததாகிவிடும். குமட்டல் போன பிறகும் அந்தச் சாப்பாட்டைக் கண்டால் ஒதுங்கும். நமக்கும் மஞ்சள் காமாலையின்போது குடித்த கஞ்சி பிறகு எப்போதும் பிடிக்காமல் போவதில்லையா, அது மாதிரி.

மூன்றாவது: எழுந்தே வராது. தட்டு சத்தம் கேட்டால் கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். கேட் சத்தத்துக்கும் குரைக்காது. கட்டிலுக்கு அடியிலோ, பாத்ரூம் ஓரத்திலோ, இதுவரை படுக்காத இடத்தில் போய்ப் படுத்திருக்கும். எனக்கு அதிகப் பயம் தருவது இந்த மூன்றாவது விதம்தான். இங்கே மணிக்கணக்கு பார்க்கத் தேவையில்லை. கீழே சொல்கிற சோதனைகளைச் செய்துவிட்டு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஈறு, தண்ணீர், மூத்திரம்

டாலிக்கு உடம்பு சரியில்லாதபோது நான் முதலில் செய்வது, அதைத் தையல் மெஷின் பக்கத்துக்குக் கூட்டிவந்து, மெஷின் விளக்கைத் திருப்பி, மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பார்ப்பது. கோரைப்பல்லுக்கு மேலே இருக்கும் ஈறு நம்முடைய உள்ளுதடு மாதிரி ரோஜா நிறத்தில், ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அந்த இடத்தை ஒருமுறை அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அதற்கு மேல் நேரம் எடுத்தால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். விரலை ஈறில் வைத்தால் வழுக்க வேண்டும். பசை மாதிரி ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

ஈறு வெளுத்துக் காகிதம் போல இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சளாக இருந்தால் காமாலை. நீலம் பாய்ந்திருந்தால் மூச்சு போதவில்லை. செங்கல் நிறத்தில் கன்றிச் சிவந்திருந்தால் வெயில் அதிர்ச்சியாகவோ உடம்பு முழுக்கப் பரவிய கிருமியாகவோ இருக்கலாம். இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். செவலைக்கு ஈறெல்லாம் கருப்பு. நாட்டு நாய் பலவற்றுக்கும் அப்படித்தான். அப்போது கண்ணின் கீழ் இமையை லேசாக இறக்கி உள்பக்கம் பார்க்க வேண்டும். இதற்காகவே, நாய் நன்றாக இருக்கும் நாளில் ஈறும் இமையும் எப்படி இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். தூங்கி எழுந்த நாய்க்கும் வெயிலில் படுத்த நாய்க்கும் மூக்கு காயும். காதைத் தொட்டுப் பார்ப்பதும் உறுதியில்லை. நாயின் உடம்புச் சூடு நம்மைவிட இயல்பாகவே அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. அதனால் தொட்டால் எப்போதும் சுடுவது போலத்தான் இருக்கும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாய்க்கென்றே தனியாக வாங்கி வையுங்கள். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் ஓர் அங்குலம் மெதுவாக வைத்தால் பீப் சத்தம் வரும். ஒருவர் தலைப்பக்கம் பிடித்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 104-க்கு மேல் என்றால் காத்திருக்கக் கூடாது. 99-க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்துதான்.

தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி என்பது ஏறக்குறைய சாதாரணக் கணக்கு. 20 கிலோ நாய் என்றால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல். வெயில் காலத்தில் கூடும். ஆனால் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டிக் குடித்துக்கொண்டே இருக்கிறது, சாப்பாடு மட்டும் வேண்டாம் என்கிறது என்றால் அது முக்கியமான தகவல். வயதான நாய் என்றால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கிறது என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சில நாய்க்குப் பின்பக்கம் சீழ் வடியும், சிலவற்றுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் வயிறு மட்டும் உப்பும். வெளியே தெரியாதது இன்னும் மோசம். இதற்கு ஆபரேஷனைத் தள்ளிப்போட நேரம் இருக்காது.

மூத்திரத்தின் நிறத்தையும் பாருங்கள். கடுங்காப்பி நிறம் என்றால் உண்ணியால் வரும் ஒரு காய்ச்சல் முதல் சந்தேகம்.

உண்ணிக் காய்ச்சல்

நம் ஊரில் வளர்ந்த நாய் ஒன்று திடீரென்று சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கினால் டாக்டர்கள் முதலில் தேடுவது உண்ணியைத்தான். இங்கே வருஷம் முழுக்க வெக்கை, அதனால் பழுப்பு நிற நாய் உண்ணிக்கு ஓய்வே கிடையாது. அது சுவர் வெடிப்பிலும் கூண்டு இடுக்கிலும் முட்டையிட்டுப் பெருகும். அது கடிக்கும்போது எர்லிக்கியா, பெபீசியா என்று சில கிருமிகள் ரத்தத்தில் ஏறும். எர்லிக்கியா வந்தால் பிளேட்லெட் இறங்கும். மூக்கிலிருந்து ரத்தம் வரலாம், அடிவயிற்றுத் தோலில் கொசு கடித்த மாதிரிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். பெபீசியா சிவப்பணுக்களை உடைப்பதால் ஈறு வெளுக்கும், மூத்திரம் கறுக்கும்.

டாலிக்கு வந்தபோது வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு உயிரான கருவாட்டுத் தலையையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியது. மல்லாக்கப் படுக்கவைத்து அடிவயிற்று முடியை விலக்கிப் பார்த்தால், தொடை ஓரத்தில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள். விரலால் அழுத்தினால் மறையவில்லை. கொசுக்கடித் தடிப்பு அழுத்தினால் வெளுக்கும், தோலுக்கடியில் கசிந்த ரத்தம் வெளுக்காது. அந்த ஒரு அடையாளத்தைச் சொன்னதும் டாக்டர் உடனே ரத்தம் எடுத்துவிட்டார்.

“எங்க நாய் மேல உண்ணியே இல்லையே” என்று பலர் சொல்வார்கள். கடித்து விழுந்துபோன உண்ணி வாரக்கணக்கில் கழித்தும் காய்ச்சலைக் கொடுக்கும். காது மடிப்பு, விரல் இடுக்கு, வாலடி, கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று தேடுங்கள். எடுக்கும்போது தோலோடு ஒட்டிய இடத்தில் கொறடு போட்டு நேராக இழுக்க வேண்டும், விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவுவது கூடவே கூடாது. நாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும்.

எர்லிக்கியா என்றால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள். நான்கைந்து நாளில் நாய் துள்ள ஆரம்பித்துவிடும். அத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தினால் கிருமி உள்ளே பதுங்கி மறுபடி கிளம்பும். இன்னொன்று, அந்த மாத்திரையே வெறும் வயிற்றில் குமட்டும். சாப்பாட்டோடு கொடுத்து, பிறகு கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

காத்திருக்கவே கூடாதவை

மருந்துக் கடை, டானிக் என்றெல்லாம் நினைக்காமல் ராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டியவை இவை.

தடுப்பூசி முடியாத குட்டி சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, ரத்தம் கலந்து துர்நாற்றத்தோடு கழிகிறது என்றால் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். மாலையில் சுறுசுறுப்பாக இருந்த குட்டி காலையில் எழ முடியாமல் கிடக்கும். டிரிப்ஸ் ஏற்றி உடம்பில் நீரைப் பிடித்துவைப்பதுதான் இதற்கு முக்கியமான வைத்தியம், அதை வீட்டில் செய்ய முடியாது. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போட வேண்டும். ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோன குட்டியைப் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம்.

வயிறு மத்தளமாக உப்பி, வாந்தி எடுக்க எக்கி எக்கி ஒன்றும் வராமல் தவித்தால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இது வரும். சில மணி நேரம்தான் இருக்கும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் தெருத் தண்ணீரைக் குடித்த நாய், எலி அதிகம் நடமாடும் வீட்டு நாய், சாப்பாட்டை விட்டுக் கண்ணும் ஈறும் மஞ்சளானால் எலிமூத்திரத்தால் பரவும் லெப்டோ காய்ச்சலாக இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் அதன் மூத்திரத்தைக் கழுவாதீர்கள். எலி பாஷாணம் வைத்த வீடு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலவகை எலி மருந்து தின்ற அன்றைக்கு ஒன்றும் காட்டாது, சில நாள் கழித்துத்தான் ரத்தக் கசிவு தொடங்கும்.

எங்கள் மாதிரி வீட்டில் இன்னொரு பயம் நூலும் துணியும். செவலை குட்டியாக இருந்தபோது, மீன் கழுவிய தண்ணீர் பட்ட வெட்டுத்துணி ஒன்றை விழுங்கிவிட்டது. சாப்பிடப் பார்க்கும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அப்படியே வெளியே வரும், தண்ணீரும் நிற்காது, வெளிக்கும் போகவில்லை. ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மாங்கொட்டை, சோளக்கட்டை, சாக்ஸ், சின்னப் பந்து எல்லாம் இதே வேலையைச் செய்யும். நாக்குக்கு அடியிலோ பின்பக்கமோ நூல் தொங்குவது தெரிந்தால் இழுக்கக் கூடாது. உள்ளே குடலைச் சுருக்கிக்கொண்டிருக்கும் நூல், இழுத்தால் குடலை அறுத்துவிடும்.

இப்போது, வாய்க்குள் கையை விடாதீர்கள் என்று சொன்னதற்கு வருகிறேன். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, தண்ணீரை விழுங்க முடியாமல், பார்க்க அப்படியே எலும்பு சிக்கியது போல இருக்கும் நாய்க்கு வெறிநோய் இருக்கலாம். எல்லா வெறிநாயும் கடிக்கப் பாயாது. இந்த வகை சாதுவாக மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். குரைப்புச் சத்தம் மாறியிருக்கும், வீட்டு ஆட்களையே வேறு மாதிரிப் பார்க்கும். தடுப்பூசி போடாத நாய், தெரு நாயோடு சண்டை போட்டுக் கடிபட்ட நாய் என்றால் தொடாமல் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நாயின் எச்சில் உங்கள் கையில் உள்ள காயத்தின் மேல் பட்டிருந்தாலோ, கண்ணில் வாயில் தெறித்திருந்தாலோ 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காயத்துக்கு சோப்பும் போட வேண்டும். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அந்த ஊசிக்குக் காசு கிடையாது. நாயின் மேல் உள்ள பாசத்தில் இதைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

நோயில்லாமலும் சாப்பிடாது

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதையும் சொல்ல வேண்டும். பல நாள் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும்.

அக்னி நட்சத்திர வெயிலில் எந்த நாயும் பாதிதான் சாப்பிடும். காலையில் 7 மணிக்குள்ளும், பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள், மதியச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். புரட்டாசியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் கவுச்சி சமைக்க மாட்டார்கள். பதினொரு மாதம் கறிச்சாற்றில் பிசைந்த சோறு தின்ற நாய்க்குத் திடீரென்று தயிர்சாதம் வைத்தால் அது சாப்பிடாமல்தான் இருக்கும். அந்த மாதம் முழுக்க யாராவது ஒருவர் என்னிடம் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. நாய்க்கு விரதம் கிடையாது. வீட்டு அடுப்பில் வேண்டாம் என்றால் வாசலில் ஒரு ஸ்டவ்வில் முட்டையோ கோழியோ வேகவைத்துக் கொடுக்கலாம், அல்லது பாக்கெட்டில் வரும் நாய்த் தீவனத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம்.

அதே புரட்டாசி தொட்டுக் கார்த்திகை வரை தெருவில் பெண் நாய்கள் ஹீட்டுக்கு வரும் காலம். ஆண் நாய் கேட்டருகிலேயே முனகிக்கொண்டு கிடக்கும், சோறு நினைவிருக்காது. தீபாவளி வெடி, வீடு மாறியது, கூடவே வளர்ந்த நாய் செத்துப்போனது, தினமும் சோறு வைத்த பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனது எல்லாம் ஓரிரு நாள் பசியைக் கெடுக்கும். தடுப்பூசி போட்ட மறுநாள் சோர்ந்திருப்பதும் சாதாரணம். இவற்றில் எதுவானாலும் ஈறு ரோஜா நிறத்திலேயே இருக்கும், தண்ணீர் குடிக்கும், தடுப்பூசிக்குப் பிறகு லேசாகச் சுடுவதைத் தவிர காய்ச்சல் இருக்காது. அதனால்தான் அந்தச் சோதனைகளை முதலில் செய்யச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. “பிஸ்கட் மட்டும் தின்கிறது, அப்போ கொழுப்புதான்” என்று முடிவுகட்டாதீர்கள். உடம்பு சரியில்லாத நாயும் பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளும்.

என்ன கொடுப்பது, என்ன கூடாது

வாந்தி இல்லை, சோதனையெல்லாம் சரியாக இருக்கிறது என்றால், எலும்பில்லாத கோழியை உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல் வேகவையுங்கள். அந்தத் தண்ணீரிலேயே அரிசியைக் குழைய வடித்து, ஒரு பங்கு கோழிக்கு இரண்டு பங்கு சோறு என்று கையால் மசியுங்கள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சூட்டில்தான் வாசனை எழும். வழக்கமான அளவில் கால் பங்கு மட்டும் வைத்து, 15, 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சுற்றி நின்று “சாப்பிடு கண்ணு” என்று கெஞ்ச வேண்டாம். நாலு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் நாய் மிரளும். மூன்று மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். பழைய சோற்றையே திரும்பச் சூடு பண்ணி வைக்காதீர்கள்.

வாயைத் திறந்து கஞ்சி ஊற்றுவது வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா ஆகிவிடும். சாப்பாட்டுத் தட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் சரியில்லை. ஒருமுறை கசப்பைக் கண்டுவிட்டால் அந்தத் தட்டையே சந்தேகிக்கும். மாத்திரையைத் தனியாகச் சின்னக் கோழித் துண்டில் பொதிந்து கொடுங்கள்.

சாம்பார், பிரியாணி, குழம்பு எல்லாவற்றிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் கிடக்கும் அந்த நாலைந்தும் சேர்த்துத்தான். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் கூடாது. வேகவைத்த எலும்பு சிதறிக் குத்தும். ஊரில் கோயில் கொடை முடிந்து வரும் கிடாக்கறிக் கொழுப்பை அள்ளிப்போட்டால், ஓரிரு நாளில் கணையம் வீங்கி, முன்கால் நீட்டிப் பின்பக்கம் தூக்கி நின்று நோவில் தவிக்கும் நாய்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட, காய்ச்சல் என்று நம் பாராசிட்டமாலைக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் ஆபத்துதான். விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்கிற வழக்கத்தையும் நிறுத்திக்கொள்ளலாம். பசி டானிக், லிவர் டானிக் எல்லாம் நோய் தெரிந்த பிறகு டாக்டர் எழுதினால் நல்லது. தெரியாமல் கொடுத்தால் ஒரு வாரம் வீணாகப் போகும்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போகும்போது

நாய் பேசாது, நாம்தான் பேச வேண்டும். கடைசியாக எப்போது முழுதாகச் சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, என்ன நிறம், கடைசியாக எப்போது மலம் மூத்திரம் போனது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, காய்ச்சல் எத்தனை, பெண் நாய் என்றால் கடைசி ஹீட் எப்போது, வீட்டில் என்ன மருந்து தெளித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாந்தியையும் மலத்தையும் போனில் படம் எடுங்கள், கொஞ்சம் மலத்தை ஒரு டப்பாவிலும் கொண்டுபோகலாம். தடுப்பூசிப் புத்தகத்தை மறக்க வேண்டாம். எடையும் தெரிந்திருக்க வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துப் பாருங்கள்.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்ப்பது, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனை, கல்லீரல் சோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் என்று போகும். ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டால், “என்ன நோய்னு நினைக்கிறீங்க டாக்டர், ரத்தம் பார்க்க வேண்டாமா?” என்று பணிவாகக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டாக்டர் குறைவு. எங்கள் பக்கம் சிக்கலான நோய் என்றால் இராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம். நாமக்கல், ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் உண்டு. சென்னையில் வேப்பேரிக் கல்லூரி இருக்கிறது. செலவு தனியார் கிளினிக்கைவிட மிகவும் குறைவு, ஆனால் காலையிலேயே போய்ச் சீட்டு எடுக்க வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அந்த வண்டி ஆடு மாடுகளுக்காகத்தான் அதிகம் ஓடுகிறது என்றாலும், அருகில் எந்த மருந்தகம் திறந்திருக்கிறது என்றாவது சொல்வார்கள்.

திரும்பச் சாப்பிட ஆரம்பித்தால் ஆசையில் தட்டை நிரப்பிவிடாதீர்கள். முதல் நாள் கால் பங்கு, அடுத்த நாள் அரைப் பங்கு என்று மூன்று நான்கு நாளில் பழைய அளவுக்கு வாருங்கள். கோழிச் சோற்றிலிருந்து வழக்கமான சாப்பாட்டுக்கும் அப்படியே கலந்து கலந்து மாறுங்கள். ரொம்ப நாள் பட்டினி கிடந்து மெலிந்த நாய் என்றால் அளவை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு இன்னும் மெதுவாகக் கூட்ட வேண்டும். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி தட்டை ஒதுக்கினால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். பெரும்பாலும் குமட்டலுக்கு ஒரு மாத்திரை சேர்ப்பார்கள், இல்லையென்றால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள்.